பௌதிகக் கேள்வி பதில்: பொருட்டற்ற உறுப்புகள் எங்கே போகின்றன?

துணிக்கைகளையும் விசைகளையும் புலங்களாக எழுதும் குவாண்டம் புலக் கொள்கை பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்கள் இவை. உயர்தரப் பிள்ளைகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஒரு தகப்பன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கேற்ப சில பதில்கள் நீண்டும் சில குறுகியும் வரும்.

கேள்வி: ரீச்சர், நான் பௌதிகவியல் சிறப்புக் கற்கை செய்கிறேன். மறுஇயல்பாக்கல் (பார்க்கும் சக்தி மாறும்போது ஒரு கொள்கையின் எண்கள் எப்படி மாறும் என்பது) பாடத்தில் 'இர்ரெலவன்ற் ஒப்பரேற்றர்', அதாவது பொருட்டற்ற உறுப்புகள் என்று ஒரு வகை வந்தது. சக்தி குறையக் குறைய அவை பூச்சியத்துக்குப் போய்விடும் என்றார்கள். பூச்சியமாகிப் போகிறதை ஏன் படிக்க வேண்டும்? முதலிலேயே எழுதாமல் விட்டால் என்ன?
*— ஒரு மாணவி, மாங்குளம்*

பதில்: விட முடியாது, பிள்ளை. நீங்கள் எழுதாமல் விட்டாலும் அவை தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். அதோடு, 'பூச்சியத்துக்குப் போகும்' என்பது பாதி உண்மைதான். மற்றப் பாதியைச் சொல்ல முதல் கொஞ்சம் கணக்குச் செய்வோம்.

இதற்கு உயர்தரத்தின் முதல் அலகில் படித்த பரிமாணக் கணக்குப் போதும். மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, வெண்கட்டி, அவ்வளவுதான். ஒரு வேர்ணியர் இடுக்கி கூட இல்லாத அந்த நாட்களில் நான் பிள்ளைகளிடம் அதிகம் செய்வித்தது பரிமாணக் கணக்கு. உபகரணம் கேட்காத பௌதிகம் அது. அன்று அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு சமன்பாட்டைத் தீர்க்க முதல் அதன் பரிமாணத்தைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடக்கும்.

பிளாங்கின் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் 1 என்று வைத்துவிட்டால் நீளம், நேரம், திணிவு எல்லாமே சக்தியின் அடுக்குகளாகிவிடும். வெளியும் நேரமும் சேர்ந்து 4 பரிமாணம். ஆகவே லக்ராஞ்சியனில், அதாவது ஒரு கொள்கையின் விதிகளை உறுப்பு உறுப்பாகக் கூட்டி எழுதும் கோவையில், வரும் ஒவ்வோர் உறுப்பும், முன்னாலுள்ள குணகத்தோடு சேர்த்து, சக்தியின் 4 ஆம் அடுக்காக இருக்க வேண்டும். இலத்திரன் போன்ற ஒரு துணிக்கையின் புலத்துக்கு அடுக்கு 3/2. அப்படியான நான்கு புலங்களைப் பெருக்கினால் 6 வரும். 4 ஐ விட 2 கூடிப்போயிற்று. அதைச் சரிக்கட்ட, முன்னாலுள்ள குணகம் சக்தி வர்க்கத்தின் தலைகீழாக இருக்க வேண்டும்.

இந்த உறுப்பை என்றிக்கோ பேர்மி 1934 இலேயே எழுதிவிட்டார், நியூத்திரன் புரோத்தனாக மாறி இலத்திரனை வெளிவிடும் பீற்றாத் தேய்வை விளக்குவதற்காக. அதன் குணகம் 1.166 × 10⁻⁵. அலகு, ஜிகா இலத்திரன்வோல்ற்று வர்க்கத்தின் தலைகீழ். (இனி ஜி.ஈ.வி. என்று எழுதுகிறேன். ஒரு புரோத்தனின் திணிவு கிட்டத்தட்ட 1 ஜி.ஈ.வி.) இதைக் கையால் போட்டுப் பாருங்கள். பீற்றாத் தேய்வில் புழங்கும் சக்தி ஓர் ஆயிரத்தில் ஒரு ஜி.ஈ.வி. அளவு. அதன் வர்க்கத்தைக் குணகத்தால் பெருக்கினால் 10⁻¹¹ வருகிறது. தனி நியூத்திரன் ஒன்று சராசரியாகக் கால் மணித்தியாலம் வரை தேயாமல் இருக்கிறதே, அணுக்கருவின் காலக்கணக்கில் அது ஒரு யுகம். அந்தத் தாமதத்துக்குக் காரணம் இந்தச் சின்ன எண்தான்.

சரி, சக்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். 300 ஜி.ஈ.வி.யில் அதே பெருக்கம் 1 ஐத் தொடுகிறது. அதற்கு மேல் கொள்கை நிகழ்தகவுகளை ஒன்றுக்கு மேல் கொண்டுபோகத் தொடங்கும். அப்படியென்றால் அந்த எல்லைக்குள் புதிதாக ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். இருந்தது: 80.4 ஜி.ஈ.வி. திணிவுள்ள டபிள்யூ போசன், பீற்றாத் தேய்வை நடத்தும் விசையைக் காவும் துணிக்கை. 1983 இல் ஐரோப்பாவின் துணிக்கைப் பௌதிக ஆய்வகமான செர்னில் அது அகப்பட்டது. பேர்மி எழுதியது பொருட்டற்ற உறுப்பு. தான் எங்கே உடையும் என்பதை அந்த உறுப்பு தன் குணகத்திலேயே அரை நூற்றாண்டாகச் சுமந்துகொண்டிருந்தது. நான் பௌதிகத்தில் அறிந்த மிக அழகான விஷயங்களில் இது ஒன்று.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். கெனத் வில்சன் 1971 இல் காட்டிய வழி இது. உங்கள் கொள்கைக்கு ஓர் உச்சச் சக்தி எல்லை வையுங்கள். அந்த எல்லைக்கும் அதன் பாதிக்கும் இடையிலுள்ள அலைவுகளை மட்டும் கூட்டி முடித்துவிடுங்கள். அவை சும்மா போகமாட்டா. மிஞ்சிய உறுப்புகளின் குணகங்களை மாற்றிவிட்டுத்தான் போகும். சமச்சீர் தடுக்காத எந்த உறுப்பும், நீங்கள் எழுதாமல் விட்டது உட்பட, அந்தப் படியில் முளைத்துவிடும். பிறகு எல்லையை இன்னொருமுறை பாதியாக்கி அதே வேலை. இப்படி இறங்கிக்கொண்டே போவதுதான் ஓட்டம்.

ஒவ்வொரு படியிலும் அந்தந்த எல்லையையே அலகாக வைத்து அளந்தால், திணிவு வர்க்கம் 4 மடங்காகப் பெருகும். அது பொருட்டான உறுப்பு. 4 ஆம் அடுக்கு உறுப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும். 6 ஆம் அடுக்கு உறுப்பு நாலில் ஒன்றாகச் சுருங்கும். பத்துப் படி இறங்கினால் சக்தி 1,024 இல் ஒரு பங்கு. 6 ஆம் அடுக்கு உறுப்போ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இனி அந்த மற்றப் பாதி. ஓர் இசுக்கேலர் புலத்தை (திசையில்லாத எளிய புலம், அதன் அடுக்கு 1) எடுங்கள். புலத்தின் 4 ஆம் வலு உறுப்பும் இருக்கிறது, 6 ஆம் வலு உறுப்பும் இருக்கிறது. 6 ஆம் வலுவின் குணகம் ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டிருக்க, 4 ஆம் வலு அதை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சுருக்கமும் ஊட்டமும் ஓர் இடத்தில் சமப்படும். ஆகவே கீழே வந்து பார்க்கும்போது 6 ஆம் வலுவின் குணகம் பூச்சியமாக இருக்காது. 4 ஆம் வலுவும் திணிவும் எவ்வளவு என்று தெரிந்தால், அதுவும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேலே நீங்கள் அதற்குப் பூச்சியம் கொடுத்தீர்களா, 0.3 கொடுத்தீர்களா என்பது கீழே உள்ளவருக்குத் தெரியவராது. பூச்சியத்துக்குப் போவது அந்தத் தொடக்கப் பெறுமானத்தின் நினைவு. இதைச் சமன்பாடாக எழுதி, ஒரு கொள்கை மறுஇயல்பாக்கத்தக்கது, அதாவது மேலுள்ள விவரம் தெரியாமலே முடிவுள்ள விடை தரும், என்ற நிறுவலையே இதிலிருந்து எடுத்தவர் ஜோசப் பொல்ச்சின்ஸ்கி, 1984 இல். பரீட்சைக்கு 'பூச்சியம்' என்று பாடமாக்காமல், தொடக்கம் மறக்கப்படுகிறது என்பதை மனதில் வையுங்கள். அப்படி வைத்தால்தான் பின்னால் வரும் கணக்குகள் பிடிபடும்.

கேள்வி: இவ்வளவு சின்னதாகிப் போகிற ஒன்று கண்ணுக்குத் தெரியுமா? ஆய்வுகூடம் இல்லாமல் பார்க்கக்கூடிய ஓர் உதாரணம் சொல்லுங்கள், ரீச்சர்.
*— உயர்தர மாணவன், புதுக்குடியிருப்பு*

பதில்: வாசலுக்கு வந்து வானத்தைப் பாருங்கள், தம்பி. அந்த நீலம் முழுவதும் பொருட்டற்ற உறுப்பின் வேலை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் போட்டன் ஒன்றுக்கு 2 முதல் 3 இலத்திரன்வோல்ற்று வரை சக்தி. காற்றிலுள்ள நைதரசன் மூலக்கூறின் இலத்திரனை அடுத்த மட்டத்துக்குத் தூக்க அது காணாது. மூலக்கூறுக்கு மொத்த ஏற்றமும் இல்லை. அப்படிப் பார்த்தால் போட்டனுக்கு அங்கே பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. மிஞ்சுவது மின்புலத்தின் வர்க்கத்தோடு சேர்ந்த ஓர் உறுப்பு மட்டும். பரிமாணம் பார்த்தால் அது 4 ஐத் தாண்டி நிற்கிறது. அதன் குணகம் நீளத்தின் மூன்றாம் அடுக்கு, அதாவது மூலக்கூறின் கனவளவு அளவானது.

மின்புலம் ஒவ்வொன்றும் மீடிறனை ஒருமுறை கொண்டுவரும். இரண்டு புலம், ஆகவே மீடிறன் வர்க்கம். நிகழ்தகவுக்கு அதை இன்னொருமுறை வர்க்கிக்க வேண்டும்: மீடிறனின் 4 ஆம் அடுக்கு. ரெய்லி பிரபு 1871 இல் கண்ட அதே விதி. சிவப்புக்கு அலைநீளம் 650 நானோமீற்றர், நீலத்துக்கு 450 என்று வைத்துப் போடுங்கள்: நீலம் 4 மடங்குக்கு மேல் கூடச் சிதறும். ஊதா இன்னும் கூடச் சிதறும்தான். ஆனால் சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் அது அவ்வளவு ஏறாது. மாலையில் பூநகரிப் பக்கம் கடலில் இறங்கும் சூரியன் சிவப்பாகத் தெரிவதும் இதே கணக்குத்தான். தடித்த காற்றைக் கடந்து வரும் வழியில் நீலம் உதிர்ந்துவிடுகிறது.

எதிர் உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். கட்டில்லாத தனி இலத்திரனுக்கு ஏற்றம் உண்டு. அங்கே வேலை செய்வது 4 ஆம் அடுக்கு உறுப்பு. எல்லா நிறத்தையும் அது ஒரே அளவாகச் சிதறும். முழுச் சூரிய கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் வெள்ளையாக இருப்பது அதனால்தான். 2019 டிசம்பர் 26 இல் வடக்கில் நாம் பார்த்தது கங்கண கிரகணம். அதில் இந்த ஒளிவட்டத்தைக் காண முடியாது. ஒரே ஒளியில் இரண்டு விதமான உறுப்பு. ஒன்று நீலம், மற்றது வெள்ளை.

கேள்வி: சரியாக 4 ஆம் அடுக்கில் நிற்கும் உறுப்பு ஏறுமா, இறங்குமா?
*— ஒரு வாசகி, நெடுங்கேணி*

பதில்: பரிமாணக் கணக்கு அங்கே கைவிட்டுவிடும், தங்கச்சி. இடையில் தோன்றி மறையும் துணிக்கைகளையும் சேர்த்து உண்மையான கணக்கைச் செய்துதான் பார்க்க வேண்டும். மின்காந்தத்தில் அது சக்தி குறையக் குறைய மெதுவாகத் தேய்கிறது: 91 ஜி.ஈ.வி. அளவில் ஏறத்தாழ 128 இல் ஒன்றாக இருக்கும் இணைப்பு (விசையின் வலிமையைச் சொல்லும் எண்), நம் அன்றாடச் சக்தியில் 137 இல் ஒன்று. புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்குகளைக் கட்டும் வலிய விசையில் எதிர்மாறு. கீழே வர வர வலுக்கும். 1973 இல் குரொஸ், வில்செக், பொலிற்சர் மூவரும் கண்டது இது. 2004 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கிறாள். கணக்கில் முடிவிலி வந்தால் கழித்துவிடுவார்களாம், தெரியாத பகுதியை விட்டுவிடுவார்களாம். வயல் செய்கிற எனக்கே இது சரியாகப் படவில்லை. இது கணக்கா, சமாளிப்பா?
*— ஒரு தகப்பன், வட்டக்கச்சி*

பதில்: ஐயா, உங்களைப் போலவே நினைத்தவர் போல் டிராக். குவாண்டம் பௌதிகத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். முடிவிலியை இப்படிக் கழிப்பதைக் கடைசிவரை அவர் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் சந்தேகம் சின்னச் சந்தேகம் இல்லை.

வில்சனுக்குப் பிறகு இதைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. நீங்கள் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைக்கும்போது எதைப் பார்ப்பார்கள்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பார்கள். காற்றுக்கு எழும் சின்ன அலைகளை யாரும் எண்ணுவதில்லை. அந்த அலைகள் பொய்யென்று யாரும் சொல்லவுமில்லை. அவற்றால் அடிக்கணக்கில் எவ்வளவு பிழை வரும், அது விரலளவா முழ அளவா என்று தெரிந்திருக்கிறது. அது தெரிந்தபடியால்தான் நம்பி விதைக்கிறீர்கள்.

மகள் படிப்பதும் அதுதான். விட்டுவிட்ட பகுதியால் விடையில் எவ்வளவு பிழை வரும் என்பதைப் பொருட்டற்ற உறுப்புகள் முன்கூட்டியே சொல்லிவிடும்: நாம் வேலை செய்யும் சக்தியை எல்லைச் சக்தியால் வகுத்து, அதன் 2 ஆம் அடுக்கோ 4 ஆம் அடுக்கோ. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் அடுத்த உறுப்பையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். முடிவிலி என்று வந்ததெல்லாம், எல்லையே இல்லாத சக்தி வரைக்கும் ஒரே கொள்கை செல்லும் என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. எல்லையை எழுதி வைத்துவிட்டால் அது முடிவுள்ள எண்தான். உங்கள் மகள் ஏமாற்றுப் படிக்கவில்லை, ஐயா. எவ்வளவு தெரியாது என்பதை அளந்து சொல்லும் கலையைப் படிக்கிறாள். அவளைப் படிக்க விடுங்கள்.

கேள்வி: ஈர்ப்பும் பொருட்டற்றது என்று வாசித்தேன். பிறகு எப்படித் தேங்காய் விழுகிறது?
*— மாணவன், ஒட்டுசுட்டான்*

பதில்: ஈர்ப்பின் குணகம் 10¹⁹ ஜி.ஈ.வி. என்ற எண்ணின் வர்க்கத்தின் தலைகீழ். துணிக்கை மோதும் பொறிகளின் 10⁴ ஜி.ஈ.வி. சக்தியில்கூட இரண்டு துணிக்கைகளுக்கிடையே அது 10⁻³⁰ அளவுதான். ஆனால் மின்னேற்றத்தில் நேரும் மறையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திணிவில் அப்படி எதிர்க்குறி இல்லை. பூமியில் புரோத்தன்களும் நியூத்திரன்களுமாக ஏறக்குறைய 10⁵¹ இருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில் கூடி இழுக்கின்றன. தேங்காய் விழாமல் என்ன செய்யும்!

கேள்வி: ஓட்டத்தைத் திருப்பி, கீழிருந்து மேலே போக முடியாதா?
*— ஒரு வாசகர், பூநகரி*

பதில்: முழுதாக முடியாது. வெவ்வேறு தொடக்கங்கள் கீழே ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. தண்ணீரை 374 பாகை செல்சியசிலும் 218 வளிமண்டல அமுக்கத்திலும் வைத்தால், திரவத்துக்கும் ஆவிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோகும். அந்த இடத்தை நெருங்க நெருங்க அடர்த்தி வேறுபாடு எந்த அடுக்கில் குறைகிறது என்று அளந்தால் ஏறத்தாழ 0.326. ஒரே அச்சில் மட்டும் காந்தமாகும் பொருள்களின் காந்தத் தன்மையும் அதே 0.326 அடுக்கில் மறைகிறது. தண்ணீர் எங்கே, காந்தம் எங்கே! இரண்டையும் வேறுபடுத்திய எல்லாமே பொருட்டற்ற உறுப்புகளில் இருந்தன. அவை வழியில் சுருங்கிவிட்டன. இதை விளக்கியதற்குத்தான் வில்சனுக்கு 1982 இல் நோபல் பரிசு. ஆகவே 0.326 ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தொடங்கியது தண்ணீரிலா காந்தத்திலா என்று சொல்ல ஏலாது.

ஆனால் மிச்சமாக ஒட்டிக்கொண்டு வரும் சின்ன எண்களிலிருந்து கொஞ்சம் மேலே எட்டிப் பார்க்கலாம். ஸ்டீவன் வைன்பேர்க் 1979 இல் ஒன்றைக் கவனித்தார். நமக்குத் தெரிந்த துணிக்கைகளை வைத்து 5 ஆம் அடுக்கில் எழுதக்கூடியது ஒரே ஒரு வகை உறுப்புத்தான். அது நியூத்திரினோவுக்கு, அதாவது ஏற்றமில்லாத மிக இலேசான துணிக்கைக்கு, திணிவு கொடுக்கும். ஹிக்ஸ் புலத்தின் பெறுமானமான 246 ஜி.ஈ.வி.யை வர்க்கித்து எல்லைச் சக்தியால் வகுத்தால் அந்தத் திணிவு. எல்லையை 10¹⁵ என்று போட்டுப் பாருங்கள், 0.06 இலத்திரன்வோல்ற்று வரும்.

இனி யப்பானுக்குப் போவோம். கமியோக்கா என்ற இடத்தில் மலைக்கு அடியில் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் 50,000 தொன் நீர் கொண்ட தாங்கி, சுவரெல்லாம் 11 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளி உணரிகள். நம் கணக்கில் சுமார் 40 ஏக்கர் அடித் தண்ணீர். ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளும் இரணைமடுவோடு பார்த்தால் அது ஒரு கைமண்டித் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் 1998 இல் நியூத்திரினோக்கள் வகை மாறுவது தெரிந்தது. வகை மாறினால் திணிவு இருக்க வேண்டும். அளவீடுகள் காட்டும் திணிவு வேறுபாடு 0.05 இலத்திரன்வோல்ற்று அளவு. எந்தப் பொறியும் நெருங்க முடியாத 10¹⁵ ஜி.ஈ.வி. பக்கத்திலிருந்து வந்த செய்தியாக அது இருக்கக்கூடும் என்பதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும். 'கூடும்' என்றுதான் எழுதுகிறேன். நியூத்திரினோத் திணிவுக்கு வேறு வழிகளும் உண்டு, அவை இன்னும் தள்ளுபடியாகவில்லை.

அதே தாங்கியில் புரோத்தன் தேய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது 6 ஆம் அடுக்கு உறுப்பு. இதுவரை ஒன்றும் தேயக் காணவில்லை. தேடிய வழிகளில் சிலவற்றில் அதன் ஆயுள் 10³⁴ ஆண்டுக்கு மேல்.

கேள்வி: இரண்டு ரோச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்தால் அவை மோதிக்கொள்ளுமா?
*— 11 ஆம் தர மாணவி, துணுக்காய்*

பதில்: மோதும், ஆனால் உங்களால் காண முடியாது. போட்டனுக்கு ஏற்றம் இல்லை. ஆகவே போட்டன் போட்டனை நேரே தொடாது. இடையில் இலத்திரன்கள் கணநேரம் தோன்றி மறைவதால் மின்காந்தப் புலத்தின் 4 ஆம் வலு என்று ஓர் உறுப்பு முளைக்கிறது. அதன் பரிமாணம் 8. ஹைசன்பேர்க்கும் ஒய்லரும் 1936 இல் இதை முழுதாக எழுதினார்கள். ரோச் ஒளியின் 2 இலத்திரன்வோல்ற்றை இலத்திரனின் 511,000 இலத்திரன்வோல்ற்றால் வகுத்து 4 ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 21 பூச்சியம் வந்த பிறகுதான் முதல் இலக்கமே வரும். அதனால்தான் வெளிச்சம் வெளிச்சத்தை ஊடுருவிப் போகிறது. உயர் சக்தியில் இது நடப்பதற்கான சான்று ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது கிடைத்தது. செர்னின் அற்லஸ் குழு 2017 இல் வெளியிட்டது.

மூத்த பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: இலத்திரனின் திணிவைவிடக் குறைந்த சக்தியில், இரண்டு போட்டன்களின் மீடிறனையும் இரட்டித்தால் இந்தச் சிதறலின் குறுக்குவெட்டுப் பரப்பு (சிதறல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பாக அளக்கும் எண்) 64 மடங்காகும். 64 என்றால் 2 இன் 6 ஆம் அடுக்கு. மேலே 4 ஆம் அடுக்கு என்று சொன்னேன். வர்க்கித்தால் 8 அல்லவா வர வேண்டும்? 6 எப்படி வந்தது என்று பரிமாணத்தை மட்டும் வைத்துச் சொல்லுங்கள். குறுக்குவெட்டுப் பரப்புக்கு அலகு என்ன என்று முதலில் எழுதினால் வழி தெரியும். வழிமுறையோடு எழுதி அனுப்புங்கள். சரியாகச் செய்த ஒன்றை அடுத்த இதழில் போடுகிறேன்.